கைதட்ட நேரமாகும் நாடகம்

1949 ஜனவரியில், பிலடெல்பியாவின் லோகஸ்ட் ஸ்ட்ரீட் தியேட்டரில் ஒரு புது நாடகம் முதன்முதலாக மக்கள் முன் நடந்தது. நியூயார்க்குக்குக் கொண்டுபோகும் முன் வெளியூரில் போட்டுப் பார்ப்பது அன்றைய வழக்கம். நாடகம் முடிந்து திரை இறங்கியது. ஒருவரும் கைதட்டவில்லை. சிலர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் என்ன நினைத்தார்களோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். சில ஆண்கள் முன்னால் குனிந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்கள். சிலர் வெளிப்படையாகவே அழுதார்கள். சிலர் எழுந்து அரங்கின் மறுபக்கம் நடந்துபோய் அங்கிருந்தவர்களிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் கழித்துத்தான் யாருக்கோ கைதட்டும் ஞாபகம் வந்தது. தொடங்கிய பிறகு அது ஓயவேயில்லை.

இதை எழுதி வைத்தவர் அந்த நாடகத்தின் ஆசிரியர் ஆர்தர் மில்லர். 1987இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்த இரவை நினைவுகூர்கிறார். நாடகம் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்'. 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வேயின் மொராஸ்கோ தியேட்டரில் எலியா கசான் இயக்கத்தில் தொடங்கி 742 காட்சிகள் நடந்தது. புலிட்சர், டோனி இரண்டு பரிசுகளும் கிடைத்தன. பிறகு 1975, 1984, 1999, 2012, 2022 என்று 2022 வரை பிராட்வே மேடைக்கு மட்டும் ஐந்து முறை திரும்பி வந்தது.

பிலடெல்பியாவில் அன்று நடந்ததைப் படிக்கும்போது எனக்கு அது பழகிய காட்சியாகத் தெரிகிறது. கிளம்ப எழுவது, மனமில்லாமல் மறுபடி உட்காருவது, ஓரமாக நின்று குரலைத் தாழ்த்திப் பேசுவது, ஆண்கள் முகத்தை மறைத்துக்கொள்வது. சாவு வீட்டுக்குப் போனால் நாம் இப்படித்தான் இருப்போம். அந்த நாடகம் பார்க்க வந்தவர்களைத் துக்கம் கேட்க வந்தவர்களாக மாற்றிவிடுகிறது. எப்படி மாற்றுகிறது, மேடைக்குத் திரும்பி வரும்போதெல்லாம் அந்தத் துக்கம் ஏன் வேறு வேறு இடத்தில் பீறிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வில்லி லோமனுக்கு வயது 63. புரூக்ளினில் சிறு வீடு. ஒரு காலத்தில் தோட்டமும் வெயிலும் இருந்த அந்த வீட்டை இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள் நெரிக்கின்றன. மனைவி லிண்டா. மகன்கள் பிஃப், ஹாப்பி. இரண்டு பெரிய சாம்பிள் பெட்டிகளோடு அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்து முழுக்கக் காரில் சுற்றி சரக்குக்கு ஆர்டர் பிடிப்பது வேலை. வயதாகிவிட்டது, ஆர்டர் விழுவதில்லை, சம்பளம் நின்றுபோய் வெறும் கமிஷன்தான். கார் ஓட்டும்போது நினைவு தப்புகிறது. செத்துப்போன அண்ணனோடு பேசுகிறார். ஒரு காலத்தில் கால்பந்தாட்ட நட்சத்திரமாக இருந்து இன்று ஒன்றுமில்லாமல் நிற்கும் மூத்த மகன் எப்படியும் பெரிய ஆள் ஆவான் என்று கடைசி நிமிடம் வரை நம்புகிறார். 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் பணம் அந்த மகனுக்குப் போய்ச் சேரட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு போய்ச் செத்துவிடுகிறார்.

நாடகத்தின் பெயரிலேயே சாவு இருக்கிறது. அதனால் பார்க்க வந்தவர் என்ன ஆகுமோ என்று காத்திருப்பதில்லை. சாகப்போகும் மனிதர் என்று தெரிந்தேதான் வில்லி வீட்டுக்குள் நுழைவதைப் பார்க்கிறார். ஆனாலும் முதல் அரைமணி நேரம் அரங்கில் சிரிப்பு கேட்கும். வில்லி பேசுவது அப்படி. மகனைச் சோம்பேறி என்று திட்டுவார். கொஞ்ச நேரத்தில் அதே வாயால், அவனிடம் சோம்பல் மட்டும் கிடையாது என்பார். தன் செவர்லே காரைப்போல உலகத்தில் வேறு கார் இல்லை என்பார். ரிப்பேர் பில் என்றதும் அந்தக் கம்பெனியையே இழுத்து மூட வேண்டும் என்பார். பிரிட்ஜுக்குத் தவணை முடிவதற்குள் பெல்ட் அறுந்துபோகிறது. ஒவ்வொருவருக்கும் வீட்டில் இப்படி ஒரு ஆளைத் தெரியும். சிரித்துச் சிரித்தே அவரைச் சொந்தக்காரர் ஆக்கிக்கொள்கிறோம். பிறகு அவர் அடிபடும்போது தள்ளி நின்று வேடிக்கை பார்க்க முடிவதில்லை.

அடி விழும் இடங்களில் இரண்டாம் அங்கத்தின் ஆபீஸ் காட்சி தனி. இனி ஊர் சுற்ற முடியாது, நியூயார்க்கிலேயே ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்க வில்லி முதலாளியிடம் போகிறார். முதலாளி ஹோவர்ட் 36 வயதுக்காரன். அவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவன் அப்பா கேட்ட ஆட்களில் வில்லியும் ஒருவர். ஹோவர்ட் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. புதிதாக வாங்கிய குரல்பதிவு இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருக்கிறான். அதில் அவன் மகள் விசில் அடிக்கிறாள். ஐந்து வயது மகன் அமெரிக்க மாநிலங்களின் தலைநகரங்களை அகரவரிசையில் ஒப்பிக்கிறான். நடுவில் பேச வாயெடுக்கும் வில்லியை, இருங்கள் என்று அடக்குகிறான். 150 டாலர்தான், இது இல்லாமல் இருக்கவே முடியாது என்கிறான். நானும் ஒன்று வாங்கிவிடுகிறேன் என்கிறார் வில்லி. அதன் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்ல முடிகிறது. வாரம் 65 டாலர் கொடுத்தால் போதும் என்று ஆரம்பிக்கிறார். கொஞ்சம் கழித்து 50. அப்புறம் 40. வீட்டுச் சோற்றுக்கு ஒரு மனிதர் கேட்கும் தொகை நம் கண்ணெதிரே தேய்கிறது. 150 டாலர் பொம்மை மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் காட்சிக்கு ஒரு பின்பாதி உண்டு. ஹோவர்ட் வெளியே போனதும் வில்லி மேஜையில் கையூன்றி, செத்துப்போன பழைய முதலாளியோடு பேசத் தொடங்குகிறார். கை பட்டு இயந்திரம் ஓட ஆரம்பிக்கிறது. அந்தக் குழந்தை மறுபடி தலைநகரங்களை ஒப்பிக்கிறது. அதை நிறுத்தத் தெரியாமல் வில்லி அலறுகிறார். ஓடிவந்த ஹோவர்ட் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, இனி நீங்கள் எங்கள் கம்பெனிக்காகப் போக வேண்டாம் என்கிறான். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிவதற்கு மனிதன் என்ன ஆரஞ்சா என்று வில்லி சற்றுமுன் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை எதனால் வருகிறது என்று ஒரு கணக்கு இருக்கிறது: "இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே." பிறர் இகழ்ந்து தாழ்த்துவது, இழப்பது, முன்பு இருந்த நிலை கெடுவது, இல்லாமை. கிரேக்கத்து அரிஸ்டாட்டில் சொன்ன இரக்கமும் அச்சமும் பார்ப்பவர் பக்கத்திலிருந்து பேசுகின்றன. இந்தச் சூத்திரமோ அழுகைக்கான காரணங்களை எண்ணிச் சொல்கிறது. ஆபீஸ் காட்சியில் நான்கும் ஒரே அறைக்குள் வந்துவிடுகின்றன. அங்கே அரங்கம் அடங்கிப்போவதற்கு நடிகரின் திறமை மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன்.

அரசர்களும் தளபதிகளும் விழுந்தால்தான் துன்பியல், ஒரு சேல்ஸ்மேன் விழுந்தால் அது வெறும் சோகக் கதை என்று வாதிட்டவர்கள் அன்றே இருந்தார்கள். நாடகம் பிராட்வேயில் தொடங்கி மூன்று வாரம் முடிவதற்குள், பிப்ரவரி 27 நியூயார்க் டைம்ஸில் மில்லர் பதில் எழுதினார். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உயிரையும் கொடுக்கத் துணிபவர் யாரானாலும் அவர் துன்பியலுக்கு உரியவர். சாதாரண மனிதருக்கும் மன்னருக்கும் அதில் வித்தியாசம் இல்லை என்பது அவர் நிலை. அறிஞர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் இரவிலேயே முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் எல்லோரும் ஒரே ஆளுக்காக அழவில்லை. இது மில்லருக்கு வந்த கடிதங்களிலிருந்தே தெரிகிறது. 1957இல் வந்த தன் நாடகத் தொகுப்பின் முன்னுரையில் அவர் சொல்வது இது: அறுபதைத் தாண்டிய ஆண்கள் கலிபோர்னியாவிலிருந்துகூட நாட்டைக் கடந்து வந்து, வில்லியின் கதை அப்படியே என் கதை, இதையும் எழுதுங்கள் என்றார்கள். பெண்கள் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் லிண்டாதான் மையப் பாத்திரம் என்று தோன்றியது. மகன்களுக்கு எல்லாமே பிஃபையோ ஹாப்பியையோ சுற்றி நடந்தது. ஒரே மேடை, ஒரே இரவு, ஆளுக்கொரு பிணம்.

சிலர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பெரிய பல்பொருள் அங்காடிகளின் அதிபர் பெர்னார்ட் கிம்பல் முதல் இரவு நாடகத்தைப் பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது என்ற காரணத்துக்காகத் தன் கடைகளில் யாரையும் வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று அன்றிரவே உத்தரவு போட்டாராம், மில்லர் எழுதியிருக்கிறார். இன்னொரு பெண்மணி இது அமெரிக்க முதலாளித்துவத்துக்கு அடியில் வைத்த வெடிகுண்டு என்று கொதித்தார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மில்லர் ஆசைப்பட்டார். 1951இல் படம் எடுத்த கொலம்பியா நிறுவனம் பயந்தே போனது. விற்பனைத் தொழில் எவ்வளவு நல்ல தொழில் என்று பேராசிரியர்கள் பேசும் குறும்படம் ஒன்றைத் தயாரித்து, படத்துக்கு முன்னால் சேர்த்துக் காட்டத் திட்டமிட்டது. மில்லர் அதைக் கடுமையாக எதிர்த்தார். நான் மிகவும் விரும்புவது அரங்கைவிட்டு வெளியே வந்த ஒரு மனிதர் சொன்னதாக உலவும் பேச்சைத்தான்: "அந்த நியூ இங்கிலாந்து ஏரியா என்றைக்கும் தேறாது என்று நான் அப்பவே சொன்னேன்." சிலர் இதைக் கேலியாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இழவு வீட்டில் கூட நின்று, அந்த டாக்டரிடம் காட்டியிருக்கக் கூடாது என்று சொல்கிறோமே, அந்த மாதிரிப் பேச்சு அது. அவர் வில்லியைத் தன்னோடு வேலை பார்த்த ஆளாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

சரி, மறுபடி மறுபடி மேடையேறும்போது என்ன ஆகிறது? முதலில் உடம்பு மாறுகிறது. முதல் வில்லியான லீ ஜே. காப் பெரிய உருவம், அப்போது வயது 37தான். மில்லர் எழுதும்போது மனதில் இருந்தது சிறு உருவம். யாரோ தன்னைக் கூனிப்பொடி என்கிற மாதிரி கேலி செய்ததாக வில்லி மனைவியிடம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. காப் நடிக்கிறார் என்றதும் அந்தக் கேலி கடல்யானை என்று மாறியது. 1984இல் டஸ்டின் ஹாஃப்மன் வந்தபோது பழைய கூனி திரும்பி வந்தது. ஒரே ஒரு சொல்தான். ஆனால் யானை மாதிரி ஒருவர் சரிவதைப் பார்ப்பதும், சின்ன உருவம் ஒன்று துள்ளித் துள்ளித் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதைப் பார்ப்பதும் வேறு வேறு வலி.

1999இல், முதல் பிராட்வே காட்சிக்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து பிப்ரவரி 10 அன்று, பிரையன் டென்னஹி நடித்த தயாரிப்பு பிராட்வேயில் தொடங்கியது. பங்குச் சந்தை கொடிகட்டிப் பறந்த காலம் அது. வில்லியின் மனநோயை முன்னுக்குக் கொண்டுவந்த மேடையேற்றம் என்று பலரும் பார்த்தார்கள். வாழ்க்கை அழுத்தியதால் இப்படி ஆனவரை நோயாளி என்று சொல்லி ஒதுக்குவதில் மில்லருக்கு உடன்பாடில்லை. எனக்கும் இல்லை. நோய் என்றால் மருந்து கொடுத்திருக்கலாமே என்று பார்ப்பவர் தன் பொறுப்பைக் கழற்றிவிட்டுவிடலாம்.

2012இல் நிலைமை தலைகீழ். 2008இன் வீட்டுக்கடன் சரிவு பலருடைய கதவிலேயே வந்து நின்று போயிருந்தது. 25 வருடத் தவணையின் கடைசிக் கட்டணத்தைப் பற்றி லிண்டா பேசும்போது, அது அப்போதைய பத்திரிகையில் வந்த செய்தி மாதிரியே இருந்தது. மைக் நிக்கல்ஸ் இயக்கினார், பிலிப் சீமோர் ஹாஃப்மன் நடித்தார். ஜோ மீல்ஸைனர் 1949இல் போட்ட அதே அரங்க அமைப்பையும் அலெக்ஸ் நார்த்தின் அதே இசையையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுவர் இல்லாத எலும்புக்கூடு வீடு, சுற்றிலும் நிற்கும் கட்டடங்கள். இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற நடிகர் மேடைக்கு வந்ததும் கைதட்டி வரவேற்பது பிராட்வே பழக்கம். இந்த நாடகத்தில் நாயகன் முதலில் வருவதோ, முதுகு ஒடிந்து, சத்தம் போடாமல் கதவைத் திறந்து, பெட்டிகளைக் கீழே வைத்து, உள்ளங்கையைத் தடவிப் பெருமூச்சு விடுவதற்கு. அந்த நேரத்தில் எழும் கைதட்டல் அந்தப் பெருமூச்சைத் தின்றுவிடும். டிக்கெட் விலையும் அப்படித்தான். இன்றைய பிராட்வேயில் முன்வரிசை இருக்கையை ஒரு வில்லி லோமனால் வாங்கவே முடியாது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, 2019இல் லண்டனின் யங் விக் அரங்கில் தொடங்கி 2022 அக்டோபரில் பிராட்வேயின் ஹட்சன் தியேட்டருக்கு வந்த தயாரிப்பு. வெண்டல் பியர்ஸ் வில்லியாகவும் ஷரன் டி. கிளார்க் லிண்டாவாகவும் நடித்தார்கள். லோமன் குடும்பமே கறுப்பினக் குடும்பம். பிராட்வேயில் கறுப்பின நடிகர் ஒருவர் வில்லியாக வந்தது அதுதான் முதல் முறை. இப்படிச் செய்யலாமா என்பதில் பழைய சண்டை ஒன்று உண்டு. 1972இலேயே பால்டிமோரின் சென்டர் ஸ்டேஜில் கறுப்பின நடிகர்கள் இந்த நாடகத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் 1996இல் நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் ஓர் உரையில், வெள்ளையர் வாழ்க்கையை வைத்து எழுதிய நாடகத்தில் கறுப்பினத்தவரைப் போட்டு நடிக்க வைப்பது எங்கள் மனிதத்தன்மையையே, எங்கள் வரலாற்றையே மறுப்பது என்று இந்த நாடகத்தின் பெயரைச் சொல்லியே கண்டித்தார். எங்கள் கதைக்கு எங்கள் நாடகம் வேண்டும் என்ற அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அந்த ஆபீஸ் காட்சியை நினைத்துப் பாருங்கள். மூலத்தில் ஹோவர்ட் தன் அப்பா வயதுள்ள வில்லியைப் பார்த்துப் பேசும்போது, தம்பி, பையா என்கிற மாதிரியான ஒரு சொல்லைப் போடுகிறான். 1949இல் அது திமிர் பிடித்த இளம் முதலாளியின் பேச்சு. அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்கார இளைஞன் 63 வயதுக் கறுப்பின மனிதரைப் பார்த்துச் சொல்லும்போது, வயது முதிர்ந்தவர்களையும் பையன் என்றே கூப்பிட்ட அமெரிக்க வரலாறு முழுக்க அந்த அறைக்குள் வந்துவிடுகிறது. மில்லர் எழுதிய சொல் அப்படியே இருக்கிறது, கேட்கும் காதுதான் மாறிவிட்டது. எல்லோருக்கும் பிடித்தவனாக இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று வில்லி மகன்களுக்குச் சொல்லித் தருவதும் இப்போது இன்னும் குரூரமாகக் கேட்கிறது. திறக்காத கதவுகளின் எண்ணிக்கை நமக்குத் தெரியும். தொல்காப்பியச் சூத்திரம் சொல்லும் நான்கில் 1949இல் அசைவு, அதாவது இருந்த நிலை கெடுவது, முன்னால் நின்றது. 2022இல் இளிவு, பிறர் இகழ்ந்து தாழ்த்துவது, முன்னால் வந்தது.

தூரத்து ஊரில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1983 மே மாதம் பீஜிங் மக்கள் கலை அரங்கில் மில்லரே சீன நடிகர்களை வைத்து இதை இயக்கினார். மொழிபெயர்த்தவரும் வில்லியாக நடித்தவரும் யிங் ருவோசெங். ஊர் ஊராகப் போய் விற்பது என்றால் என்ன, ஆயுள் காப்பீடு என்றால் என்ன என்று அன்றைய சீனத்தில் பார்ப்பவர்களுக்கு எப்படிப் புரியும் என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. வெள்ளைக்காரர் மாதிரி ஒப்பனையும் பொன்னிற விக்கும் வேண்டாம் என்று மில்லர் சொல்லிவிட்டார். சீனர்களாகவே இருங்கள், போதும். காப்பீடு புரிந்ததோ இல்லையோ, மகன் பெரிய ஆளாக வேண்டும் என்று அப்பா படும் பாட்டை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகன் டிராகன் ஆவான் என்று காத்திருப்பதைக் குறிக்கச் சீனத்தில் ஒரு மரபுத்தொடரே இருக்கிறது.

இனி அந்த மௌனத்துக்கு வருவோம். நாடகத்தின் கடைசிப் பகுதி வில்லியின் அடக்கம். முன்னொரு காட்சியில் டேவ் சிங்கிள்மன் என்ற கிழவரைப் பற்றி வில்லி சொல்லியிருப்பார்: 84 வயதிலும் ஓட்டல் அறையில் பச்சை வெல்வெட் செருப்போடு உட்கார்ந்து போனிலேயே வியாபாரம் செய்தவர், அவர் சாவுக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் திரண்டார்கள். தன் அடக்கத்துக்கும் அப்படித்தான் ஊர் திரளும் என்று வில்லி நம்பினார். வந்தது மனைவி, இரண்டு மகன்கள், பக்கத்து வீட்டு சார்லி, சார்லியின் மகன் பெர்னார்ட். ஐந்து பேர்.

மேடைக்குறிப்பில் மில்லர் அந்தக் கல்லறையை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஐந்து பேரும் சமையலறைச் சுவர் இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி, பார்வையாளர்களை நோக்கி மேடையின் விளிம்புக்கு வருகிறார்கள். லிண்டா பூவைக் கீழே வைத்து மண்டியிட்டு உட்காருகிறாள். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கும் இடத்துக்கு அடுத்தது முன்வரிசை இருக்கைகள்தான். குழிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் அரங்கம் நிறைய ஆட்கள், அத்தனை பேரும் வில்லியைத் தெரிந்தவர்கள். அப்போது லிண்டா கேட்கிறாள்: "ஏன் ஒருத்தருமே வரவில்லை? அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் எங்கே?"

வீட்டின் கடைசித் தவணையை இன்றைக்குக் கட்டிவிட்டேன், இனி வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவள் குழியைப் பார்த்துச் சொல்கிறாள். கடன் இல்லை, விடுபட்டுவிட்டோம், விடுபட்டுவிட்டோம் என்று விம்முகிறாள். புல்லாங்குழல் கேட்கிறது. வீட்டுக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. திரை இறங்குகிறது. பிலடெல்பியாவில் கோட்டைப் போட்டுக்கொண்டவர்கள் மறுபடி உட்கார்ந்தது அப்போதுதான்.